ஒரே முதலாளி, ஒரே வேலை

பிப்ரவரி 8, சனி

இன்று இரண்டு பன்றிகள். விடிகாலை நாலரைக்குக் கரி மூட்டினேன். வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல், பூண்டு, அன்னாசிப்பூ வைத்துத் தைத்து, கம்பியில் ஏற்றி, பதினொரு மணிக்கெல்லாம் இரண்டும் தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. தோலை விரலால் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வர வேண்டும். வந்தது. பிலிப்பைன்ஸின் செபு தீவில் பிறந்தவன் முழுப் பன்றியைச் சுட்டால், அந்த லெச்சோன் வேறு எப்படி இருக்கும்?

என் மனைவி ஜொவி, குழந்தை கேலப்பின் சட்டையும் கையுமாக, துணிக்கொடியடியில் நின்று முறைத்தாள். "கேலப்போட சட்டையெல்லாம் பன்னி வாசம். சர்ச்சுல பிள்ளையைத் தூக்கறவங்க எல்லாம் பசிக்குதுங்கறாங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கவலை புகை இல்லை என்று எனக்குத் தெரியும். என் ஆஸ்திரேலிய விசாக் கடிதத்தில் இருக்கும் வரிதான் அவள் கவலை. டால்பி ஊரில் டேரலின் பட்டறையில் மட்டும், வெல்டராக மட்டும். ஒரே முதலாளி, ஒரே வேலை. முதலில் நண்பர்களுக்கு ஆசைக்குச் சுட்டுக் கொடுத்தேன். பிறகு நண்பர்களின் நண்பர்கள். இப்போது பக்கத்து நகரமான டுவூம்பாவிலிருந்து முகம் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள். எந்த வாரம் அது வியாபாரமாக மாறியது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மாறிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

டீ நேரத்தில் டேரல் வந்தார். "ஜூன்ல உனக்கு ரெண்டு வருஷம் முடியுது, ரென். நிரந்தர விசா பேப்பரைத் தயார் பண்ணச் சொல்லிட்டேன். நான் கையெழுத்துப் போட்டா மிச்சத்தை விசா ஆபீஸ்ல பாத்துக்குவாங்க."

"ரொம்ப நன்றி, பாஸ்."

"பாஸ்னு கூப்பிடாதேனு எத்தனை தடவை சொல்றது?"

வீட்டில் சொன்னதும் ஜொவி அழுதாள். மகள் ஷைரா தன் பள்ளியை விட்டு எங்கேயும் போக வேண்டாம்தானே என்று மூன்று முறை கேட்டாள். அப்புறம் ஜொவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜூன் வரைக்கும் கம்பியைத் தொடாம இருக்க முடியாதா?" என்றாள்.

ஈஸ்டருக்கு ஆர்டர் எடுத்துவிட்டேன் என்றேன். அது பதில் இல்லை. உண்மையான பதில் இதுதான்: வாரத்தில் ஐந்து நாள் முகமூடிக்குள் இருக்கிறேன். யாரோ வரைந்த கோட்டில் யாருடைய டிரெய்லரையோ ஒட்டுகிறேன். சனிக்கிழமை தணல் முன்னால் நிற்கும்போது மட்டும் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடப்பதில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் விசா சேதி கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

கேலப்பின் ஞானஸ்நானம் மார்ச் 2. ஞானத்தந்தையாக இருக்க முடியுமா என்று டேரலைக் கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான். சோறு போடுகிறவர் கையில் பிள்ளையை ஒப்படைப்போம். அதன்பிறகு அவர் வெறும் முதலாளி இல்லை, உறவு.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் சர்ச்சுக்குப் போயி இருபது வருஷம் ஆச்சு. என்ன செய்யணும்?"

"மெழுகுவத்தி பிடிக்கணும், பாஸ். அப்புறம் சாப்பிடணும்."

"ரெண்டாவது எனக்கு வரும்."

மார்ச் 1, சனி

நாளைக்கான பன்றி வந்துவிட்டது. இதற்கு நடுவில் புது ஆட்கள் மூன்று பேர் ஆர்டருக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் சரி என்றேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 2, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. டேரல் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஏதோ வெடிக்கப் போவது போல.

வெடித்தது மண்டபத்தில். எங்கள் ஆட்களுக்கு பேனர் அடிக்காமல் ஒரு விசேஷம் நடக்காது. பிறந்தநாளுக்கு பேனர், பரீட்சையில் தேறினால் பேனர், ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பேனர். பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஆர்னெலின் மனைவி கெம்மா, எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கவென்று ஆறடியில் ஒன்று அடித்து மாட்டியிருந்தாள். நடுவில் கேலப்பின் படம். மேலே கொட்டை எழுத்தில் ஞானத்தந்தை டேரலின் முழுப்பெயர். அடியில் கண் சிமிட்டும் பன்றி ஒன்று, பக்கத்தில், 'விருந்து உபயம்: ரெனாந்தே லெச்சோன், டால்பி. ஆர்டருக்கு அழையுங்கள்.' என் போன் நம்பர்.

தன் பெயரைப் படம் எடுக்கத்தான் டேரல் அதன் முன்னால் போனார். மேலே பார்த்துச் சிரித்தார். கீழே படித்தார். சிரிப்பு நின்றது.

ஆர்னெல் அந்த நேரம் பார்த்து அவர் தோளில் கை போட்டான். "சார், அண்ணன் வாராவாரம் சுடறாரு. ஈஸ்டருக்கு இப்பவே இடமில்ல. உங்களுக்குன்னா சொல்லுங்க, நான் சிபாரிசு பண்றேன்."

அவன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? பெருமையாகத்தான் சொன்னான். பத்து மாதமாக நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதானே.

டேரல் இரண்டு தட்டு சாப்பிட்டார். புறப்படும்போது, "நல்லா இருந்துச்சு, ரெனாந்தே" என்றார். என்றைக்கும் ரென் என்பவர்.

மார்ச் 3, திங்கள்

ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேசையில் பச்சை அட்டைக் கோப்பு இருக்கிறது, என் பெயர் எழுதியது. அதன் மேல் ஒரு ஸ்பானர். நான்கு நாளாக அந்த ஸ்பானர் அசையவில்லை. ஏதாவது சாக்கில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டிரெய்லர் கதவின் கீலைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். வேலை கற்றுக்கொண்ட நாளில்கூட அப்படிச் செய்ததில்லை. டேரல் பார்த்தார். "வெட்டிட்டுத் திருப்பிப் போடு." அவ்வளவுதான்.

திட்டித் தொலைச்சிருக்கலாமே. ஏன்டா ரெனாந்தே, ஜூன் வரைக்கும் பொறுத்தா உன் கை அழுகியா போயிருக்கும்? பிள்ளைங்க ரெண்டு இருக்கு, அந்தப் புத்தி வேணாமா உனக்கு?

மார்ச் 9, ஞாயிறு

ஆர்னெல் வழி சொன்னான். "அது ஜொவி அக்கா வியாபாரம்னு சொல்லிடுங்கண்ணே. அவங்க உங்க விசாவோட ஒட்டி வந்தவங்க, எந்த வேலையும் செய்யலாம். நீங்க சும்மா ஒத்தாசைக்கு நின்னதாச் சொல்லுங்க. யாரு வந்து பாத்தா?"

கேட்டதும் ஒரு வாரத்துப் பாரம் இறங்கியது. ஜொவியிடம் வந்து சொன்னேன். அவள் குழந்தையைப் பாயில் கிடத்தினாள்.

"என் பேர்ல பொய் சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"அதான் கேக்கறேனே."

"நீ கேக்கல. சொல்ற." குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டு, "நிஜமாவே என் வியாபாரமா இருந்தா என்ன?" என்றாள்.

"நீயா? பன்னியைக் கம்பில ஏத்துவியா?" என்று சிரித்துவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

நானே அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"பாஸ், அந்த பேனர்..."

"ம். அந்த வியாபாரம் யாரோடது?"

ஆர்னெல் சொல்லிக் கொடுத்தது தொண்டை வரை வந்தது. ஜொவியோடது. ஒரே சொல். ஆனால் மெழுகுவர்த்தியை அப்படிப் பிடித்திருந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னோடது" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"பத்து மாசம்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"முடியாதுனு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன். நீ எனக்கு மட்டும்தான் வேலை செய்யறேனு நான் எழுதிக் குடுத்திருக்கேன். விசா ஆபீஸ்காரங்க வந்து கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." ஸ்பானரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு இது தெரிஞ்சாலும் நான் வாயைத் திறக்கக் கூடாதுனுதான் என்னைப் பிள்ளைக்கு ஞானத்தந்தை ஆக்கினியா?" என்றார்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னேன். அந்த ஒரு மூச்சு அவர் முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பேப்பர் இப்போதைக்கு இருக்கட்டும். நீ ஒரு விவரம் தெரிஞ்சவங்களைப் பாரு. நானும் பாக்கறேன்."

மார்ச் 14, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டு, நானும் ஜொவியும் டுவூம்பாவில் விசா ஆலோசகர் அம்மாவைப் பார்த்தோம். நான் சொல்லச் சொல்ல எழுதினார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இன்னைக்கே நிறுத்துங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. முடிவு அவங்க கையில. நான் எந்த உத்தரவாதமும் தர முடியாது."

ஜொவி குறுக்கிட்டாள். "நான் நடத்தினா?"

"நீங்க தாராளமா நடத்தலாம். ஆனா நிஜமாவே நீங்க நடத்தணும். இவர் பக்கத்துல நின்னு கம்பியைத் திருப்பினாலும் அது வேலைதான்."

வரும் வழியெல்லாம் ஈஸ்டர் ஆர்டர்களை ரத்து செய்தேன். ஆறு பேரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தபோது ஜொவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மிச்சம் மூணு எனக்கு."

மார்ச் 28, வெள்ளி

வியாபாரப் பதிவு எண் அவள் பெயரில் வந்துவிட்டது. உணவு விற்க ஊர்க் கவுன்சிலின் உரிமத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். பத்து மாதத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டருக்கு முந்தின நாள். உரிமம் போன வாரம் வந்துவிட்டது. ஜொவி என்னைச் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் கேலப்பைப் போட்டுவிட்டாள்.

ஜொவியும் கெம்மாவும் முக்கி முனகிப் பன்றியைக் கம்பியில் ஏற்றினார்கள். வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லோடு புளியந்தளிரையும் திணித்தாள். அது அவள் இலோயிலோ ஊர்ப் பழக்கம். தணல் நடுவில் குவிந்து கிடந்தது. தொடைக்கும் தோளுக்கும்தான் சூடு வேண்டும், வயிற்றுக்கு அல்ல. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஜன்னலைத் திறந்தேன்.

"கரியை ரெண்டு பக்கமும் தள்ளு..."

"வாயால திருப்பினாலும் வேலைதான்" என்று வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒரு பக்கம் தோல் வெடித்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆர்டர் வாங்க வந்த ஒரு செவிலியர் அக்கா வாசலிலேயே ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் புளிப்பு நல்லா இருக்கே. போன தடவை வாங்கினதைவிட இதுதான் பிடிச்சிருக்கு" என்றார்.

போன தடவை சுட்டவன் நான்.

மே 17, சனி

இந்த வாரம் இரண்டாவது முறையாகப் புல் வெட்டினேன். பக்கத்து வீட்டுக் கிழவரின் கேட் தொங்கியது, ஒட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு பீர் கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் பயம் வந்தது. பீர் கூலியா? மீதியைக் கொட்டிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

டேரல் கூப்பிட்டார். மேசையில் ஸ்பானர் இல்லை. கோப்பு திறந்திருந்தது.

"நடந்ததை எழுதியிருக்கேன். நீ நிறுத்தினதையும் எழுதியிருக்கேன். அதை அவங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு தெரியாது." கையெழுத்துப் போட்டார்.

இனியும் தாமதிக்கக் கூடாது என்று நினைத்து நானே ஆரம்பித்தேன். "அன்னைக்கு நீங்க கேட்டது. பேனர் எனக்கே தெரியாது. ஆனா பிள்ளையைக் குடுத்தா நம்மளை விட்டுட மாட்டாருங்கற நெனப்பு இருந்துச்சு. எங்க ஊர்ல பாசமும் அதுவும் ஒண்ணாத்தான் வரும். எனக்குப் பிரிக்கத் தெரியல."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "கேலப்புக்குப் பல் முளைச்சிருச்சா?" என்றார்.

"ரெண்டு."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பன்னி வேணும். ஜொவி நம்பர் குடு."

"நானே பேசிச் சொல்லிடறேன், பாஸ்..."

"நம்பர்" என்றார்.

ஏப்ரல் 8, புதன்

இந்த நோட்டைத் திறந்து பத்து மாதம் ஆகிறது. காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்று எத்தனை தடவை எழுதுவது?

இன்று கடிதம் வந்தது. நான்கு பேருக்கும் நிரந்தர விசா. 'ஒரே முதலாளி, ஒரே வேலை' என்ற அந்த ஒற்றை வரி எங்கேயாவது இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. இனி யாரிடமும் எந்த வேலையும் செய்யலாம். டேரல் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தது இன்னும் வலிக்கிறது.

ஜொவியிடம், "சனிக்கிழமை நான் வர்றேன்" என்றேன். அவள் இப்போது கண்காட்சித் திடலுக்குப் பக்கத்தில் கொட்டகை எடுத்து நடத்துகிறாள். வாரம் நான்கு பன்றிகள்.

"வேலைக்கா?"

"ஆமா."

"கெம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். துணி மடித்து முடித்த பிறகு, "நாலரைக்கு வந்துடணும். லேட்டானா வேணாம்" என்றாள்.

ஏப்ரல் 11, சனி

நாலேகாலுக்கே போய் நின்றேன். நேராகக் கம்பிப் பக்கம் நடந்தேன்.

"அங்க இல்ல" என்று ஜொவி பூண்டுக் கூடையைக் காட்டினாள்.

"சரி, பாஸ்" என்றேன்.

அப்படிக் கூப்பிடாதே என்று அவள் சொல்லவில்லை. உட்கார்ந்து உரித்தேன்.