படிவத்தின் பின்பக்கம்

கடிதம் எண் 14: பணி நீட்டிப்பு குறித்து
13 மார்ச் 2018, செவ்வாய்க்கிழமை, மாலை 5.40 மணி

அன்பும் பொறுமையும் மிக்க மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியை மறைக்காமல் எழுதவும்.

ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஆசிரியர்களின் பேச்சுச் சரளத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் கருத்தைப் பொறுத்தே என் வேலை நீடிக்கும் என்பதை உனக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டேன். இன்று காலை முதல்வர் அந்தப் படிவங்களைப் படிக்கக் கொடுத்தார். "தயங்கித் தயங்கிப் பேசுகிறார்" என்று ஒன்பது பேர் எழுதியிருந்தனர். பழக்கதோஷத்தால் அவர்களுடைய பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, இனி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று என் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குச் சென்றேன்.

முன்வரிசையில் அமரும் லாரி ஓட்டுநர் கேட்டார்: "என்ன சார், மூஞ்சி தொங்குது? பக்கத்து வகுப்பு சாருக்கு இங்கிலீஷ்தான் தாய்மொழி, கடகடன்னு பேசுவாரு. நாங்க தலையாட்டிட்டு வந்துடுவோம். நீங்க யோசிச்சு யோசிச்சுப் பேசுறதைப் பாத்துத்தான் எங்களுக்கும் வாய் திறக்குது. எல்லாத்தையும் பின்பக்கம் எழுதியிருக்கோமே, பாக்கலையா?"

எதையும் இருமுறை சரிபார்க்கும் நான் தாளைப் புரட்டவே இல்லை! முதல்வர் புரட்டியிருக்கிறார், 31 மே 2019 வரை நீட்டித்து நேற்றே கையெழுத்திட்டுவிட்டாராம். மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

கண்ணாடி துடைக்க இரண்டு துணி அனுப்பவும். உன் பழைய புடவையில் கிழித்ததாக இருந்தால் நல்லது. ஆறு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உன் கணவன்

இணைப்பு:
1. நீட்டிப்பு ஆணையின் நகல்.
2. நாள்காட்டியின் ஜூன் மாதத் தாள். இந்த ஆண்டு விடுமுறைக்கு வந்து நான் வீட்டில் இருக்கப்போகும் இருபத்தொன்பது நாள்களையும் வட்டமிட்டிருக்கிறேன்.