மூக்கருகே ஒரு விரல்

என் குட்டிக்கு,

நேரில் பேசினால் இருவரும் அழுதுவிடுவோம். அதனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் நான் கண்ணயர்ந்தபோது மறுபடியும் என் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாய். ஒரே வெங்காய வாடை. தும்மினால் பதறுவாயே என்று அடக்கிக்கொண்டேன்.

உறக்கப் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவளடி உன் அம்மா. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எந்த நோயும் இல்லாதவர்களும் அங்கே வந்து படுப்பார்கள். தூக்கம் ஆழமானதும் மூச்சு மெதுவாகிச் சீராக ஓடும். கனவு வந்தால் தாறுமாறாகும்; சில நொடி நின்றும் போகும், பிறகு தானாக வரும். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்துப் பயந்து ஒருவரை உலுக்கி எழுப்பிவிட்டாள். "நல்ல கனவும்மா, கெடுத்துட்டியே!" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அப்பாவுக்கு அன்று தூக்கத்தில் நடந்தது வேறு. அதை எழுதப்போவதில்லை. நீ நாளைக்கே ஊருக்குக் கிளம்பு, டிக்கெட் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை எத்தனை நாள் ஹோட்டலில் சாப்பிடுவார்?

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். நீ சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாய். இமைக்குள் கண்கள் உருண்டன, கனவுதான். திடீரென்று உன் மூச்சு நின்றது. எனக்குத் தெரியாததா? ஆனாலும் என் விரல் உன் மூக்கருகே போய்விட்டது. அதில் உன் மூச்சு பட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடு.

இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்,
உன் அம்மா