அப்பாவின் கடைசிப் பல்லுக்குச் சபை செய்த ஜெபம்

அன்பு மகன் வெண்டெல்லுக்கு, இதை எழுதும்போது நம் சமையலறையில் இருப்பவர்கள் நான், உன் அப்பா, பாஸ்டர் டெல்பர்ட், பக்கத்து வீட்டு ஓபல். மற்ற மூவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. கர்த்தர் கிருபையால் அப்பாவின் வாயைத் தவிர எல்லாம் சுகம், அலாஸ்காக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் ஒற்றைப் பல்தானே மிச்சம். வசந்தத்தில் அரசாங்கப் பல் வண்டி நம் மலைக்கு வந்தபோது டாக்டரம்மா அதை ஆட்டிப் பார்த்து, இது தானே விழுந்துவிடும், வாய் காலியானால் திட்டத்தில் முழுப் பல்செட்டும் இலவசம், ஒரு பல் நின்றாலும் கிடையாது, விதி அப்படி என்றார். அப்பா சந்தோஷத்தில் ஞாயிறன்று சபையில் எழுந்து, "என் பல்லுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். விழ வேண்டும் என்று சொல்லவில்லை. நம் சபையைத்தான் உனக்குத் தெரியுமே, பாஸ்டர் கன்னத்தில் எண்ணெய் பூசினார், ஓபல் தாடையைப் பிடித்துக்கொண்டு "உறுதியா நில்லு!" என்று கூரை அதிரக் கத்தினாள். ஆடிய பல் அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் வண்டி திரும்ப வந்தது. டாக்டரம்மா தட்டிப் பார்த்து, "பாறை மாதிரி இருக்குங்க, நல்ல பல்லைப் பிடுங்க எனக்கு அனுமதியில்ல" என்று கையை விரித்துவிட்டார். வண்டி இந்த மாதக் கடைசியில் இன்னும் ஒருமுறை வரும், பிறகு அடுத்த வசந்தம்தான். அப்பா வெறும் சோளக்கஞ்சியில் இளைத்துப்போனதால், அவர் பெல்ட்டில் நான்தான் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டேன். அதனால் பல் விழ ஜெபியுங்கள் என்று இன்று பாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கர்த்தர் கொடுத்த சுகத்த வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது, அவர் என்ன கடையா வச்சிருக்கார், மாத்திக் குடுக்க?" என்றார். ஓபல் அழுகிறாள், "என் முட்டிக்கு எத்தனை வருஷமா கேக்குறேன், ஒண்ணும் நடக்கல, கேட்டு நடந்தது இந்த ஒரே பல்லுதான், அதையும் பிடுங்கணுமா?" என்று. அப்பா, "அப்ப உன் முட்டிய வச்சு நான் கறி தின்னுக்கிறேன்" என்றார். அதிலிருந்துதான் இந்த மௌனம்.

கடைசியில் பாஸ்டர், ஞாயிறன்று சபை இரு பக்கமாக முழங்காலிடட்டும், கர்த்தர் தீர்க்கட்டும் என்று முடிவு சொன்னார். விழட்டும் என்ற பக்கத்தில் இதுவரை நானும் அப்பாவும்தான்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இரவில் பல் தேய்க்காமல் படுக்காதே. நீ எந்தப் பக்கம் ஜெபிக்கிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன் உன் அம்மா,
லோரீன்