சிமினி போன மில்லடிக்கு வழி

என் அன்புக் கரிமூஞ்சி மச்சான் சொக்கனுக்கு,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். பிழை இருந்தால் அங்கே கிடந்து சிரிக்காதே.

இப்போது நீ ஊருக்கு வந்தால் உனக்கே வழி தெரியாது. அதனால் முதலில் வழி சொல்கிறேன். வெளியூர் ஆட்களை ஓட்டோவில் ஏற்றி ஊர் காட்டுவதுதான் இப்போது என் பிழைப்பு. அவர்களுக்குச் சொல்வதில் பாதி பொய். உனக்குப் பொய் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது?

சிலாபத்தில் பஸ் ஏறு. கொண்டக்டர் "மோல லங்க! மில்லடி!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்துவான். அங்கே இறங்கு. இறங்கியதும் நம் தேங்காயெண்ணெய் மில்லைத் தேடாதே. பெயர் மட்டும்தான் மிச்சம். முன்பெல்லாம் கண்ணைக் கட்டி விட்டாலும் மூக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். கொப்பரா வாசமும் புண்ணாக்கு வாசமும் நம் சட்டையிலும் இருந்தன, சோற்றிலும் இருந்தன. இப்போது உப்புக் காற்று மட்டும். நல்ல மழை பெய்தால் பழைய எண்ணெய்க் கிடங்குப் பக்கத்து மண் இலேசாக மணக்கும். அந்த இடத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

மில் வாசலில் ஹனிபா நானாவின் தேத்தண்ணிக் கடை இன்னும் இருக்கிறது. குடிக்கத்தான் ஆளில்லை.

"மில் சங்கு நிண்டதில இருந்து பகல் சாப்பாட்டு நேரமே தெரியிதில்ல முத்தையா" என்றார் நேற்று.

"உங்கட வயித்தப் பாத்தா அப்பிடித் தெரியல்லயே நானா."

கரண்டியைத் தூக்கி எறிந்தார். இருவரும் சிரித்தோம். பிறகு எதிரே இருக்கிற மதிலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

மில் லைன் வீடுகளில் பாதி பூட்டுத்தான். பிள்ளைகள் கட்டாரிலும் குவைத்திலும். மிச்சமிருக்கிற வீடுகளில் குடியிருக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன்: மில் கிணற்றில் குளிக்கலாம், குடிக்க வேண்டாம். பக்கத்தில் இறால் பண்ணைகள் வந்த பிறகு தண்ணீர் உப்பாகிவிட்டது. சோப்பும் நுரைக்காது.

நீ சிரட்டை அள்ளிப் போட்டு எரித்த பொயிலர் இருந்த இடத்தில் விடுதி கட்டி, நீச்சல் குளமும் வெட்டியிருக்கிறார்கள். நீ வெந்த இடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கும்மாளம் போடுகின்றன. சிமினியைப் போன வருசம் இறக்கினார்கள். வெடிப்பு விட்டிருந்தது, ஆள் மேல் விழுந்தால் என்ன செய்வது என்றார்கள். அது நியாயம்தான், நான் குறை சொல்லமாட்டேன். மேலிருந்து செங்கல் செங்கல்லாகக் கழற்றினார்கள். ஊர்ச் சனம் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை மச்சான். என் தங்கச்சி பூமணியும் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் உறைக்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

மில் மூடிய பிறகு நீ என் படகுக்கு வந்தாய். என் தங்கச்சி புருசன், வேறு எங்கே போவாய்? கடலடியில் கல் படர்ந்து மீன் அடைகிற பார் ஒன்றை நாம் இரண்டு பேரும் கண்டுபிடித்தோம். அதற்குக் குறி இதுதான். தென்கிழக்கே பார்த்தால் அம்மன் கோயில் கோபுரம் பனங்கூடலோடு ஒட்டி நிற்க வேண்டும். நேர் கிழக்கே பார்த்தால் மாதா கோயில் சிலுவைக்குப் பின்னால் மில் சிமினி எழும்பி நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைகிற இடம்தான் நம் பார். "கரையில என்னச் சுட்டது போதாதெண்டு கடலுக்கு வந்தும் என்னப் பாக்குது" என்று சிமினியைக் காட்டிச் சொல்வாய்.

அந்தக் குறியை எவருக்கும் சொல்லவில்லை. படகில் இடம் காட்டுகிற மெசினிலும் பதியவில்லை. பதிந்தால் அடுத்த படகுக்காரன் பார்த்துவிடுவான் என்றாய். நானும் ஓம் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரர் நாம்!

அந்தப் பாரில்தான் நம் நங்கூரம் மாட்டியது. எடுத்து வருகிறேன் என்று குதித்தாய். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் மேலே இருந்தேன். கயிறு அசைந்தது, பிறகு அசையவில்லை. நானும் குதித்துப் பார்த்தேன். என் மூச்சு அவ்வளவு ஆழத்துக்குப் போதவில்லை. நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடி வந்தேன். வந்த படகுகள் எல்லாம் நீரோட்டம் இழுத்த வடக்குப் பக்கமே தேடின. நீ கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க உடம்பு இல்லை. பூமணிக்கு உன்னுடையது என்று அந்த ஒரு இடம்தான்.

வருசா வருசம் உன் திவசத்துக்கு அவளை அங்கே நான்தான் கொண்டுபோனேன். சோறு, செவ்வரத்தம் பூ, ஒரு பக்கட் பீடி. இந்த வருசம் நம் படகு தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டதால் அல்போன்ஸின் படகில் போனோம். கோபுரத்தையும் பனங்கூடலையும் சேர்த்துப் பிடித்தேன். கிழக்கே திரும்பினேன். சிலுவை நின்றது. அதன் பின்னால் ஒன்றும் இல்லை. தென்னைக்கு மேலே தலை நீட்ட ஒன்றுமே இல்லை. அப்போதுதான் மச்சான், எனக்கு உறைத்தது.

கோபுரமும் பனையும் ஒட்டித் தெரிகிற அந்தக் கோட்டிலேயே மேலும் கீழும் ஓடச் சொன்னேன்.

"அல்போன்ஸ், மெசின்ல ஏதும் கல்லு குறிச்சு வச்சிருக்கிறியா, பாரு."

"உங்கட கள்ளப் பார் என்ட மெசின்ல எப்பிடி இருக்கும்? நான் பின்னால வந்தா ரெண்டு பேரும் வேற பக்கம் ஓடுவீங்களே!"

பூமணி சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "அண்ணே, இடம் வந்திட்டுதா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. "ஓம். இதுதான். எஞ்சின நிப்பாட்டு" என்றேன்.

அவள் கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ சிரிக்காமச் சொல்லுறாய்."

"திவசத்தில என்ன சிரிப்பு?"

"உண்மை சொன்னா நீ பல்லக் காட்டுவாய். பொய் சொன்னாத்தான் மூஞ்சிய ஐயர் மாதிரி வைப்பாய். சின்ன வயசில இருந்து பாக்கிறன். சிரிச்சுக்கொண்டு சொல்லு, நான் போடுறன்."

சிரிக்கப் பார்த்தேன் மச்சான். ஊரையே சிரிக்க வைக்கிற எனக்கு அது வரவில்லை.

அவள் பானை வாயைத் திரும்பவும் துணியால் கட்டினாள். "மனுசன் ஒரு இடத்தில இருக்கிறார். நான் வேற இடத்தில சோத்தக் கொட்டிட்டுப் போறதா? கரைக்கு விடு அல்போன்ஸ்." கரை வரும்வரை அவள் பானையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஏமாற்றப் பார்த்தான் என்றுகூட அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திவசம் இன்னும் முடியவில்லை என்கிறாள். பீடிப் பக்கட் அப்படியே அலுமாரியில் இருக்கிறது. விடிந்ததும் கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிற மாதிரி நிற்கிறாள். அதைப் பார்க்க முடியாமல் நான் ஓட்டோவை வேறு பாதையால் திருப்புகிறேன். நீ அவளுக்குக் கனவிலாவது இடம் சொல்லக் கூடாதா?

ஒரு கோடு இன்னும் இருக்கிறது. கோபுரமும் விழவில்லை, பனையும் விழவில்லை. கடலைக் கொந்தளிக்க வைக்கிற கச்சான் காற்று தொடங்க முதல், அந்தக் கோட்டிலேயே போய், கயிற்றில் ஈயம் கட்டி இறக்கி இறக்கித் தட்டிப் பார்ப்பேன். மணல் என்றால் மெத்தென்று இருக்கும். கல் என்றால் கைக்கே தெரியும். அல்போன்ஸ் படகு தருகிறேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் ஒரு ஆள் தட்டி முடிக்கிற கடலா அது?

அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்காமல் எல்லாரும் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். நம் பாரின் குறியை மேலே ஒளிக்காமல் எழுதிவிட்டேன். இனி அது நம் பார் இல்லை, ஊர்ப் பார். கடலுக்குப் போகிறவர்களே, தூண்டில் போடுங்கள், மீன் பிடியுங்கள், உங்கள் மெசினில் பதியுங்கள். கோபுரமும் பனங்கூடலும் ஒட்டி நிற்கிற கோட்டில் எவருக்காவது கல் தட்டினால், மில்லடியில் இறங்கிப் பூமணி வீட்டைக் கேளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.

கோவிக்காதே மச்சான். கண்டுபிடித்த அன்றே அவள் சோறாக்குவாள், அன்றே கொண்டுவருவோம். அதுவரைக்கும் பசி பொறுத்திரு.

உன் பெண்சாதிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
முத்தையா