உப்புக் குறைந்த கூட்டணி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், மாமா. நான் செய்த கள்ளத்தையும் மறைக்கமாட்டேன்.

இன்று பள்ளி நூலகத்தில் பழைய கோப்பைத் திறந்தபோது, சென்ற ஆண்டு வரலாற்று வகுப்பில் பேசிய ரெஃபராட்டின், அதாவது வகுப்பு உரையின், தாள் ஒன்று விழுந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. உடனே நீங்கள் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

உள்நாட்டுப் போர்களில் கிளர்ச்சிக் குழுக்கள் ஏன் கூட்டுச் சேர்கின்றன, ஏன் பிரிகின்றன என்பது நானே கேட்டு வாங்கிய தலைப்பு. நான்கு புத்தகங்கள் வாசித்து, பொது எதிரி, ஆயுதம், நிலம் என்று அம்புக்குறிகள் போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஜெர்மனியில் எங்கள் ஹனோவர் வீட்டு மாடிப்படியில் இருந்த பிரிவு எனக்கு விளங்கவில்லை. ஊரில் அப்பா ஓர் இயக்கம், நீங்கள் வேறோர் இயக்கம். சில மாதங்கள் இரண்டும் கூட்டு. இங்கே நீங்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. படியில் உங்களைக் கண்டால் அப்பா சுவரைப் பார்ப்பார். பிழை அவர் பக்கம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

உங்களுக்குப் புற்றுநோய் என்று அம்மா சொன்ன வாரம் உங்களை மேலே கூப்பிட்டேன். ரெஃபராட் ஒரு சாட்டுத்தான். இருவரும் பேசாமலே நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயந்தேன். அப்பா நான்கு மணிக்கு வருவார் என்பதை உங்களிடம் சொல்லவில்லை.

என் அம்புக்குறிகளைப் பார்த்துச் சிரித்தீர்கள். "வடிவாத்தான் கீறியிருக்கிறாய், பிள்ளை. ஆனா எங்களுக்குக் கூட்டு எண்டால் சோறு. ஒருநாள் அவங்கள் எங்களுக்குச் சமைப்பாங்கள், அடுத்தநாள் நாங்கள் அவங்களுக்கு. நஞ்சில்லையெண்டு சமைச்சவன் முதல் வாய் திண்டு காட்டோணும்."

"பிறகு?"

"கூட்டு முறியப்போகுதெண்டு ஒரு கதை வந்தது. அண்டைக்குச் சமையல் உன்ர அப்பா. ஒரு வாயில்லை, ஒரு தட்டையே திண்டு காட்டினவர். நாங்கள் ஒருத்தரும் தொடேல்லை. நானும்தான்."

கதவு திறந்தது.

"ஆர் உவனைக் கூப்பிட்டது?" என்றார் அப்பா.

"நான்தான்."

நீங்கள் எழும்பவில்லை. "பசிக்குது. என்ன வைச்சிருக்கிறாய்?"

அப்பா மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனார். பிறகு காலையில் தான் சமைத்த சோற்றையும் பருப்பையும் சூடாக்கித் தட்டில் போட்டு, முதல் வாய்க்குக் கையை நீட்டினார். அதற்குள் நீங்கள் தட்டை இழுத்து, அவசரத்தில் என் தாளிலும் சிந்தி, உண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

"உப்புக் குறைவு," என்றீர்கள்.

"அண்டைக்குத் திண்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் அதுக்கும் சண்டை பிடிச்சிருப்பாய்."

அப்பா சிரித்ததை அன்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். அதன்பின் இளவேனிலில் நீங்கள் போகும்வரை தினமும் கீழே சாப்பாடு கொண்டுபோனார். நீங்கள் தினமும் குறை சொன்னீர்கள்.

இப்போது எந்தப் புத்தகத்தில் "கூட்டணி முறிந்தது" என்று வாசித்தாலும் அடுத்த வரிக்குப் போகமுடிவதில்லை. அன்று அங்கே சமைத்துவிட்டுக் காத்திருந்தவர் யார் என்று தேடுகிறேன். புத்தகத்தில் இருப்பதில்லை. அப்பாவிடம் கேட்டால் இப்போது சொல்கிறார். உங்கள் பெயரையும் சொல்லியே சொல்கிறார்.

இன்னும் எழுதலாம். நூலகர் விளக்குகளை அணைத்துவிட்டார்.