ஒன்பதாவது கேள்வி

7-7-2010, புதன்

முதுநகரில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் இன்று பதினெட்டாவது வகைச் சிலந்தி கிடைத்தது. நாளை சிதம்பரம் போய் ஆய்வு வழிகாட்டி சாரிடம் காட்ட வேண்டும். எம்.ஃபில். முடிய இன்னும் நான்கு மாதம். தோட்டக்காரர் கொளஞ்சி அண்ணன் செம்பருத்தியில் இருந்த வலையைக் கலைக்காமல் தள்ளி நின்றே தண்ணீர் விட்டார். "அதும்பாட்டுக்கு இருக்கு. நமக்கென்னம்மா?"

18-7-2010

எண்பது வீடுகளுக்கும் கேள்வித்தாளுடன் ஏறி இறங்கினேன். ஒன்பதாவது கேள்வி: பூங்காவில் சிலந்திகள் இருக்கலாமா, அகற்ற வேண்டுமா? மாலதி அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். "கொசுவத் தின்னுதுன்னு நீ சொல்ற. எம்புள்ள மேல ஏறிச்சின்னா நீயா வந்து பாப்ப?"

அகற்ற வேண்டும் — எழுதிக்கொண்டேன்.

1-8-2010

அறுபத்தொரு வீடுகள் அகற்றச் சொல்கின்றன. குடியிருப்புச் சங்கச் செயலாளர் செந்தமிழ்செல்வன் அந்தக் கணக்கைக் கேட்டார். கொடுத்தேன். மக்களிடம் பேசிப் பயத்தைப் போக்குவார் என்று நினைத்தேன்.

8-8-2010

சங்கக் கூட்டம். செயலாளர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். "நானா சொல்லல. நம்ம ரேகா படிச்ச பொண்ணு, அதுவே எழுதிக் குடுத்துருக்கு. அறுபத்தோரு வீடு வேணாங்குது. மருந்தடிச்சிடலாம்."

அது ஆய்வுக்காகக் கேட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா தடுத்துவிட்டார் என்று இங்கே எழுதலாம். பொய். நான் வாயே திறக்கவில்லை.

10-8-2010

கொளஞ்சி அண்ணன்தான் அடித்தார். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். காற்று மருந்தை அவர் மேலேயே திருப்பியது. "போதும்ணே, நிறுத்துங்க" என்றேன்.

"முழுசா அடிக்கச் சொல்லிருக்காரு. நீ தள்ளிப் போம்மா, ஒனக்கு ஒத்துக்காது."

11-8-2010

கொளஞ்சி அண்ணனுக்கு ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பூங்காவுக்குப் போனேன். ஒரு வலைகூட இல்லை. செடி செடியாகப் பார்த்து எண்ணினேன். இப்போது போய் ஏன் எண்ணினேன்?

19-8-2010

காலை பத்து மணிக்குக் கொளஞ்சி அண்ணன் இறந்துபோனார்.

5-9-2010

செம்மங்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி இருசம்மாள் அக்காவிடம் அந்தக் கணக்கு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"அவுங்க சொன்னத நீ எழுதின. மருந்தடிக்கப் போற ஆள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

யாரும் கேட்கவில்லை. நானும்தான். அவர் அந்த எண்பது வீடுகளில் இல்லை.

22-11-2010

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். சாருக்குத் திருப்தி.

13-12-2010

கொளஞ்சி அண்ணன் குடும்பத்துக்கான நஷ்டஈட்டு விசாரணை. நான் சாட்சி. வேண்டாம் என்று அப்பாவிடம் செயலாளர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். கையுறை, முகமூடி எதுவும் தரவில்லை என்றேன். கேள்வித்தாள் யாருடையது என்று அதிகாரி கேட்டார். என்னுடையது என்றேன். இருசம்மாள் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும்போது ஒரே பஸ். நான் நின்றுகொண்டே வந்தேன். இரண்டு நிறுத்தம் கழித்து, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து அக்கா மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.