நல்ல தண்ணீரில் கழுவிய படகு

நவ. 6, வியாழன்

மூட்டம். மழை இல்லை. நேற்று அண்ணனை அடக்கம் செய்தாயிற்று. கடலில் தவறி விழுந்தான் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டு, படகை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். டிரெய்லரில் ஏற்றிப் பாளையங்கோட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அண்ணனைப் பறிகொடுத்த மைனிக்கு மனசில்லை. "கொண்டு போவாத தம்பி, என் கண்ணு முன்னால கெடக்கட்டும்." கேட்கவில்லை நான்.

ஆள் இல்லாமல் மிதந்த படகு. இழுத்துவந்தவர்கள் இடப்பக்கமாகச் சாய்த்து மணலில் போட்டது போட்டபடி. மிஷினில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கரையில் எந்தக் கிணற்றிலும் உப்புத் தண்ணீர். இங்கே குழாயில் ஆற்றுத் தண்ணீர்.

கரை ஏறினதும் மிஷினுக்கு நல்ல தண்ணீர், பிறகுதான் ஆளுக்குச் சோறு. அப்பா காலத்து வழக்கம். அண்ணன் ஒரு நாள் தவறினதில்லை. இந்தத் தடவை செய்ய அவன் இல்லை.

மிஷினை ஓடவிட்டு உள்ளே நல்ல தண்ணீர். வெளியே சோப்பு, பிரஷ். இடப்பக்கம் முன்னால் நீளமாகச் சிவப்புப் பெயின்ட் கறை, நடுவே கீறல். கரையில் வேறு படகு உரசியிருக்கும், நாசமாய்ப் போவான்கள். தின்னர் ஊற்றித் தேய்த்தேன். கை எரிந்தது. கறை போய்விட்டது. தேய்த்த அழுக்குத் துணிகளைக் குவித்து எரித்தேன்.

அண்ணனுக்கு இனி வேறென்ன செய்ய.

நவ. 7, வெள்ளி

காலையில் தூறல். கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெசின் அடைத்து, வெள்ளை பூசினேன். விட்டால் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கும்.

டிரெய்லர் சக்கரம் கழற்றியாயிற்று. பேரிங் முழுக்கத் துரு. வாங்க: பேரிங், கிரீஸ், ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலுக்குள் இறக்காதே என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கேட்டானா மூதி.

டீக்கடையில் டயர்க்கடைக்காரர்: "குடிச்சிட்டு விழுந்துட்டான்னுல்லா பேசிக்கிடுதாவ. நெசமாவே?"

"அவன் குடிய விட்டு எம்புட்டு வருசமாச்சு தெரியுமாவே உமக்கு?" கத்திவிட்டேன். டீயை வைத்துவிட்டு வந்தேன். கரையிலும் இதே பேச்சுதான். மைனி வெளியே தலைகாட்டுவதில்லையாம்.

நவ. 8, சனி

வெயில் சுள்ளென்று. பேரிங் வாங்கக் கிளம்பும்போது மைனி போன். குரலில் உயிர் வந்திருந்தது.

"தம்பி, அன்னைக்குக் கடல்ல நின்னவரு ஒருத்தரு இப்பதான் வாயத் தொறந்திருக்காரு. விடியக்கருக்கல்ல பெரிய கப்பல் ஒண்ணு அவிய படக ஒட்டிப் போச்சாம். அடிப்பக்கம் செவப்பாம். போலீஸ்ல சொல்லிட்டோம். திங்கக்கெழம படகப் பாக்க வாராவ. அந்தப் பெயின்டு ஒட்டியிருந்தா போதுமாம். குடிகாரன்னு சொன்னவன் வாயெல்லாம் அடைபட்டுப் போவும். படகத் தொட்டுறாத, என்ன?"

"சரி மைனி."

ஐயோ, சரி என்று சொல்லிவிட்டேனே.

எரித்த இடத்தில் சாம்பலைக் கிளறினேன். ஒன்றுமில்லை. உப்புத்தாள் தூள் எல்லாம் சாக்கடையோடு போயாயிற்று. என்னைப் போல ஒரு மடையன் உண்டா? பேரிங் வாங்கப் போகவில்லை.

நவ. 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன்.

டார்ச் அடித்து இடப்பக்கம் முழுக்க அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பட்டறை மூலையில் சிவப்புப் பெயின்ட் டப்பா இருக்கிறது. கொஞ்சம் தேய்த்துவிட்டால் என்ன? மூடியையும் நெம்பிவிட்டேன். சோதித்தால் தெரிந்துவிடும், பிறகு நடந்ததையும் பொய் என்பார்கள். மூடி வைத்தேன். பயந்துதான் மூடினேன், யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நவ. 10, திங்கள்

மழை. அதிகாரியும் மைனியும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். வாசலிலேயே சொல்லிவிட்டேன். கறை இருந்தது, கீறல் இருந்தது, நான்தான் எடுத்தேன். மைனி முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி: "போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"இழுத்துட்டு வந்தவங்களும் எதையும் பாக்கலங்கிறாங்க. நீங்க செத்தவரோட தம்பி. இப்ப வந்து இருந்துச்சுன்னு சொன்னா யாரு நம்புவா?"

படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார். மைனி மட்டும் நின்றாள். இடப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே முன்னால்வரை போனாள். கீறல் எங்கே இருந்தது என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

"நல்லாத்தான் கழுவியிருக்க, தம்பி. அவிய கழுவுனா எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கு."